கதை எழுதப் படிப்பு எதற்கு? குடியாத்தத்திலிருந்து எம்எஃப்ஏ போய் வந்த அனுபவம்

அமெரிக்காவில் படைப்பெழுத்தில் எம்எஃப்ஏ (கதை, கவிதை எழுதப் பயிற்சி தரும் முதுகலைப் பட்டம்) முடித்துவிட்டு வேலூருக்கே திரும்பி வந்தவள் என்று தெரிந்ததும் கல்லூரிப் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "மேடம், அது படிச்சா ரைட்டர் ஆயிடலாமா?" என்பதுதான். அடுத்த கேள்வி செலவு எவ்வளவு ஆகும். இரண்டாவது கேள்வியைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன், அதைப் பின்னால் விரிவாகவே சொல்கிறேன். முதல் கேள்விக்கு நேரான பதில்: ஆக முடியாது. எழுதாத ஆளை எந்த வகுப்பும் எழுத வைக்காது. ஆனால் ஏற்கெனவே எழுதிக்கொண்டிருப்பவருக்கு அந்தப் படிப்பு இரண்டு மூன்று வருஷம் நேரம் வாங்கித் தரும், எழுதியதை வரிவரியாகப் படித்துச் சொல்கிற ஆட்களைத் தரும், பாடம் எடுக்கப் பழக்கி ஒரு தொழிலையும் கையில் கொடுக்கும். இதில் உங்களுக்கு எது இல்லாமல் எழுத்து நின்றுபோயிருக்கிறது என்று பாருங்கள். அதை இங்கேயே தேடிக்கொள்ள முடியும் என்றால் விமான டிக்கெட் தேவையில்லை.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் 1936இல் தொடங்கிய எழுத்துப் பட்டறைதான் இந்த வகைப் படிப்புகளுக்கெல்லாம் முன்னோடி. அமெரிக்கச் சிறுகதை எழுத்தாளர் ஃப்ளானரி ஓ'கானர் 1947இல் அங்கே எம்எஃப்ஏ முடித்தார், பட்டத்துக்காக அவர் கொடுத்த ஆய்வேடே ஒரு சிறுகதைத் தொகுப்புதான். இங்கிலாந்தில் நாவலாசிரியர்கள் மால்கம் பிராட்பரியும் ஆங்கஸ் வில்சனும் 1970இல் ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழகத்தில் எம்ஏ தொடங்கினார்கள், முதல் மாணவர் இயன் மெக்கிவன். அங்கே படித்து 1980இல் பட்டம் வாங்கியவர் கசுவோ இஷிகுரோ, 2017இல் நோபல் பரிசு வாங்கினார். நம் பக்கத்துப் பெயர் வேண்டும் என்றால், இலங்கைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த வி.வி. கணேசானந்தன் அயோவாவில் படித்தவர், இப்போது மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் கற்பிக்கிறார், 2024இல் பெண்களுக்கான புனைவுப் பரிசு அவருக்குத்தான் கிடைத்தது. கொழும்பில் பிறந்த ஷியாம் செல்வதுரை கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் எம்எஃப்ஏ படித்தவர்.

இந்தப் பட்டியலைப் பார்த்து மயங்க வேண்டாம். ரேமண்ட் கார்வர் அயோவாவுக்குப் போய்ப் படிப்பை முடிக்காமலே திரும்பிவிட்டார், அமெரிக்கச் சிறுகதையில் அவர் பெயர் இல்லாமல் யாரும் பேச முடியாது. அதே கார்வர்தான் பிற்பாடு சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் எழுத்து சொல்லிக்கொடுக்கும் பேராசிரியராக இருந்தார். அங்கே எழுத்தாளரின் பிழைப்பு எப்படி ஓடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய அமெரிக்கப் புனைவைப் பல்கலைக்கழகத்தை விட்டுவிட்டுப் புரிந்துகொள்ள முடியாது என்று இலக்கிய ஆய்வாளர் மார்க் மெக்கர்ல் 2009இல் ஒரு முழுப் புத்தகமே எழுதினார். புத்தகம் விற்கும், விற்காது, ஆனால் செமஸ்டருக்கு இரண்டு வகுப்பு எடுத்தால் மாதச் சம்பளம் வரும். படிப்பு எழுத்தாளரின் வாழ்க்கையை மாற்றுவது முதலில் இந்த வழியில்தான், நடையோ உத்தியோ அதற்கு அப்புறம்.

நம்மிடம் கதை வேறு. தமிழில் எழுதுகிறவர்களுக்கு வெளியிலிருந்து ஒரு வேலை சோறு போட்டது. அசோகமித்திரன் ஜெமினி ஸ்டுடியோவில் இருந்தார், சுந்தர ராமசாமிக்கு நாகர்கோவிலில் ஜவுளிக்கடை, கண்மணி குணசேகரனுக்குப் போக்குவரத்துக் கழகப் பணிமனை. ஐந்தாம் வகுப்போடு நின்ற ஜெயகாந்தன் ஞானபீடம் வரை போனார். பள்ளிப் படிப்பைத் தாண்டாத கி.ராஜநாராயணனைப் புதுவைப் பல்கலைக்கழகமே கூப்பிட்டுப் பேராசிரியர் பதவி கொடுத்தது. எங்கள் வட ஆற்காட்டிலேயே பாருங்கள். வேலத்துக்காரரான மு.வரதராசனார் திருப்பத்தூரில் தாலுகா ஆபீஸ் எழுத்தராக ஆரம்பித்து, பள்ளி ஆசிரியராகி, பச்சையப்பன் கல்லூரிக்குப் போய், மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் வரை உயர்ந்தவர், 1961இல் நாவலுக்காகச் சாகித்ய அகாதெமி விருது வாங்கியவர். பேரணாம்பட்டு அழகிய பெரியவனும் லாலாப்பேட்டை சுகிர்தராணியும் பள்ளி ஆசிரியர்கள். இவர்களில் யாரும் எழுத்துக்கென்று ஒரு பட்டம் வாங்கவில்லை. ஆனால் ஒருவர்கூடத் தனியாக வளர்ந்தவர் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சிறுபத்திரிகை, கடிதம், கூட்டம், டீக்கடை, ஏதோ ஒரு இடத்தில் அவர்கள் எழுத்தைக் கறாராகப் படித்த நாலு பேர் இருந்திருப்பார்கள். அமெரிக்கா அந்த நாலு பேரைக் கட்டடத்துக்குள் கொண்டுவந்து மேஜையைச் சுற்றி உட்கார வைத்து, அதற்கு மார்க்கும் பட்டமும் போட்டது. எனக்கு அந்த நாலு பேர் ஊரில் அமையவில்லை, அதனால்தான் போனேன்.

அப்பா தறிக்காரர். அமெரிக்காவிலிருந்து சேர்க்கைக் கடிதம் வந்த அன்று அவர் கேட்டது: "கதை எழுதறதுக்குக்கூடக் காலேஜாம்மா? இன்னாத்தம்மா சொல்லிக் குடுப்பாங்கோ அங்க?" நல்ல கேள்வி. அங்கே போய்ச் சேர்ந்து பாதி வருஷம் ஆன பிறகுதான் எனக்கே அதற்கு ஒரு பதில் கிடைத்தது.

வகுப்பு எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். பத்துப் பன்னிரண்டு பேர். வாரம் ஒரு நாள், இரண்டரை மூன்று மணி நேரம். அந்த வாரம் யாருடைய கதையோ அதை ஒரு வாரம் முன்பே எல்லோரும் வாங்கிக்கொண்டு, ஓரத்தில் பென்சிலால் எழுதி, கடைசியில் ஒரு பக்கம் கடிதம் போலக் கருத்து எழுதிக்கொண்டு வர வேண்டும். எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது. மற்றவர்கள் அவர் அங்கே இல்லாததைப் போலவே பேசிக்கொள்வார்கள், கடைசியில்தான் அவருக்கு முறை வரும். முதல் தடவை உட்கார்ந்தபோது காது சூடாகிவிட்டது. ஆனால் இந்த முறையால் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும்.

என் கதை குடியாத்தத்தில் ஒரு நெசவாளர் வீட்டில் நடக்கிறது. அப்பா குழித்தறியில் லுங்கி நெய்கிறார், பாட்டி ராட்டையில் தார் சுற்றுகிறாள், அம்மா அடுப்பில் இருக்கிறாள். விடிந்ததிலிருந்து தறிச் சத்தம் என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தேன். ஏழாம் பக்கத்தில் நூல் கொடுக்கும் முதலாளியின் ஆள் கூலியைக் குறைக்கிற விஷயமாக வந்து கூப்பிட, அப்பா தறியை விட்டு எழுந்து வாசலுக்குப் போகிறார். அங்கே இரண்டு பக்கத்துக்குப் பேச்சு. வகுப்பில் சிலர் கூலிக் கணக்கு புரியவில்லை என்றார்கள், சிலர் பாட்டிக்கு இன்னும் வேலை வேண்டும் என்றார்கள், எல்லாம் வழக்கமான பேச்சு. நெப்ராஸ்காவில் மாட்டுப் பண்ணையில் வளர்ந்த ஒரு பெண் மட்டும் பக்கத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "காலையிலிருந்து கேட்கிற சத்தம் ஏழாம் பக்கத்தில் நிற்கிறது. வீட்டில் ஒருத்தர்கூடத் தலையைத் திருப்பவில்லையே. எங்கள் வீட்டில் பால் கறக்கும் மெஷின் நின்றால் தூங்குகிற நாய்கூட எழுந்துவிடும்" என்றாள்.

அவள் தறியைக் கண்ணால் பார்த்ததில்லை. குடியாத்தம் எங்கே இருக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரியாது. ஆனால் வேலைச் சத்தத்தில் வாழ்ந்த வீடு எப்படி இருக்கும் என்று தெரியும், அதைவிட முக்கியமாக, நான் எழுதியிருந்ததை அவள் நிஜமாகவே படித்திருந்தாள். அன்று ராத்திரியே அந்த இடத்தைத் திருத்தினேன். தறி நின்றதும் பாட்டியின் கை ராட்டையிலேயே நிற்கிறது, அம்மா அடுப்பைச் சின்னதாக்குகிறாள், பின்கட்டில் குளித்துக்கொண்டிருந்த அண்ணன் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்துகிறான். வீடே காது கொடுத்துக் கேட்கிறது என்று ஆனதும் வாசலில் நடக்கிற பேச்சில் பாதி தேவையே இல்லாமல் போனது. கூலிக் கணக்கை விளக்கிய வரிகளை அப்படியே எடுத்துவிட்டேன், அடுத்த தடவை படித்தபோது யாரும் கணக்கு புரியவில்லை என்று சொல்லவில்லை. அப்பாவுக்குப் போன் போட்டபோது இதைத்தான் சொன்னேன்: எழுதியதைத் திரும்ப எழுதச் சொல்லிக் குடுக்கறாங்கப்பா. அவர், "பாவுல இழ அறுந்தா முடி போட்டுட்டுப் போறதில்லையா, அத்தையா சொல்ற?" என்றார். ஏறக்குறைய அதுதான்.

இதிலிருந்து ஒரு நடைமுறைப் பாடம் எடுத்துக்கொள்ளலாம். எந்த இடத்தில் தடுக்கியது என்று வாசகர் சொன்னால் நம்புங்கள். எப்படித் திருத்த வேண்டும் என்று சொன்னால் காதில் வாங்கிக்கொண்டு ஒதுக்கி வையுங்கள். கூலி புரியவில்லை என்றவர்கள் சொன்ன தீர்வு, விளக்கம் சேர் என்பது. தடுக்கல் உண்மை, தீர்வு வேறு இடத்தில் இருந்தது. எம்எஃப்ஏ வகுப்பில் உட்கார்ந்து இதைப் பழகியவர்கள்தான் பிற்காலத்தில் பதிப்பாசிரியரின் திருத்தங்களைப் பார்த்துச் சண்டைக்கும் போகாமல், கண்ணை மூடிக்கொண்டு தலையும் ஆட்டாமல் வேலையை முடிக்கிறார்கள். எழுத்து வாழ்க்கையில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது முதல் புத்தகம் போடும்போது தெரியும்.

அதே வகுப்பின் ஆபத்தையும் சொல்ல வேண்டும். வைகாசி முதல் தேதி எங்கள் ஊரில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அம்மனின் தலையை ஊர்வலமாகக் கொண்டுபோய் உடலில் பொருத்துவார்கள், குடியாத்தமே தெருவில் நிற்கும். ஒரு கதையில் அந்த ஊர்வலம் ஒரு பத்தி வந்தது. பத்துப் பிரதிகளிலும் ஓரத்தில் ஒரே மாதிரி எழுதியிருந்தார்கள், இது அபாரம், இன்னும் வேண்டும் என்று. அவர்கள் மனசாரத்தான் சொன்னார்கள், அவர்களுக்கு அது புதுசு. ஆனால் அந்தக் கதையில் ஊர்வலம் ஒரு ஓரத்து விஷயம், கதை இருந்தது கூட்டத்தில் பிரிந்துபோன அக்கா தங்கை இருவரிடம். வாராவாரம் இப்படி ஒரே பக்கம் கைதட்டல் விழுந்தால் கை தானாக அந்தப் பக்கம் சாயும். வெளிநாட்டில் படித்த பலருடைய எழுத்தில் மல்லிகைப்பூவும் மஞ்சளும் கோயில் மணியும் மட்டும் மிஞ்சுவதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பட்டறையில் எழுதியவர் பேசக் கூடாது என்ற விதி, அறையில் இருக்கிற எல்லோரும் ஒரே உலகத்தைச் சேர்ந்தவர்கள் என்று எடுத்துக்கொள்கிறது என அமெரிக்க எழுத்தாளர் மேத்யூ சலேசஸ் 2021இல் வந்த தன் நூலில் விமர்சித்திருக்கிறார். இன்னொரு அமெரிக்க எழுத்தாளர் ஜூனோ டியாஸ் 2014லேயே இதைப் பற்றிக் கோபமாக எழுதினார். அவர்கள் சொல்வது என் அனுபவத்தில் சரி.

நான் செய்தது எளிய காரியம். ஒவ்வொரு கதையையும் வகுப்புக்குக் கொடுக்கிற அன்றே குடியாத்தத்தில் இருக்கிற என் பழைய தோழிக்கும் அனுப்பிவிடுவேன், அவள் நர்சிங் படித்துவிட்டு ஆஸ்பத்திரி வேலையில் இருப்பவள், வாசிப்பு ஜாஸ்தி. அவள் வாய்ஸ் மெசேஜில் சொல்வதையும் வகுப்பில் சொல்வதையும் நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொள்வேன். இரண்டு பேரும் ஒரே இடத்தில் தடுக்கினால் அங்கே கட்டாயம் கோளாறு. வகுப்பு மட்டும் தடுக்கினால் யோசிப்பேன். வகுப்பு புகழ்ந்து தோழி ஒன்றும் சொல்லாமல் கடந்துபோன இடங்களைத்தான் மிகக் கவனமாகத் திரும்பப் பார்ப்பேன். அந்த ஊர்வலப் பத்தி கடைசியில் மூன்று வரி ஆனது. வெளியூர் போகிற எல்லோருக்கும் சொல்கிறேன், ஊரிலிருந்து ஒரு வாசகரைக் கூடவே கூட்டிக்கொண்டு போங்கள்.

அடுத்தது பாடம் எடுப்பது. முழு உதவித்தொகை என்றால் சும்மா தருவதில்லை, பெரும்பாலும் முதலாம் ஆண்டு மாணவர்களுக்குக் கட்டுரை எழுதும் பாடம் எடுக்க வேண்டும். பதினெட்டு வயசுப் பிள்ளைகள், கட்டுரை திருத்தி மாளாது, நம் எழுத்து நேரத்தைத் தின்றுவிடும். நிறையப் பேர் இதைத் தண்டனை மாதிரி செய்தார்கள். எனக்கு இதுதான் அந்தப் படிப்பிலேயே உருப்படியான இரண்டாவது விஷயம். ஒரு பத்தி ஏன் நிற்கவில்லை என்று இன்னொரு பிள்ளைக்கு வாயால் விளக்கத் தெரிந்தால் நம் பத்தியையும் அதே கண்ணால் பார்க்க வரும். அப்புறம், ஊர் திரும்பிய பிறகு எனக்குச் சம்பளம் தருவது இந்தப் பழக்கம்தான், கதைகள் இல்லை.

வேலை விஷயத்தில் வெளிப்படையாகப் பேசிவிடுவோம். அமெரிக்காவில் எம்எஃப்ஏ என்பது அந்தத் துறையின் இறுதிப் பட்டமாக ஏற்கப்படுகிறது, அதை வைத்துக் கல்லூரியில் கற்பிக்கலாம், ஆனால் நிரந்தர இடங்கள் குறைவு, பாதிப் பேர் ஒப்பந்த வகுப்புகளில் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் படிப்பு முடிந்ததும் வேலை பார்க்கக் கிடைப்பது 12 மாதம். கம்ப்யூட்டர் படித்தவர்களுக்குக் கிடைக்கிற நீட்டிப்பு நமக்குக் கிடையாது. இங்கே திரும்பினால் கல்லூரிகள் அந்தப் பட்டத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாது, இங்குள்ள பட்டத்துக்குச் சமம் என்ற இணைச் சான்று கேட்பார்கள், 55 சதவீதத்தோடு முதுகலையும் கல்லூரி ஆசிரியருக்கான நெட் அல்லது செட் தகுதித் தேர்வும் கேட்பார்கள். நான் வேலூரில் எம்ஏ ஆங்கிலம் முடித்து, செட்டும் தேறிவிட்டுத்தான் கிளம்பினேன். எனக்குப் பாடம் எடுத்த ஒரு மேடம் அப்படிப் போகச் சொன்னார்கள், அந்த ஒரு யோசனை இல்லையென்றால் திரும்பி வந்து வேலைக்கு அல்லாடியிருப்பேன். தங்கைகளே தம்பிகளே, இங்கே கற்பிக்கிற எண்ணம் துளி இருந்தாலும் இதை முடித்துவிட்டுப் போங்கள்.

புத்தக உலகத்தைப் பற்றியும் கேட்பார்கள். அங்கே இரண்டு வருஷம் ஒரே மேஜையில் உட்கார்ந்தவர்கள் பிறகு ஒருவர் பத்திரிகை ஆசிரியர், ஒருவர் எழுத்தாளருக்காகப் பதிப்பகங்களோடு பேசுகிற முகவர், ஒருவர் பரிசுக் குழுவில் என்று ஆவார்கள், உங்கள் கதை அவர்கள் மேஜைக்குப் போகும்போது பெயர் தெரிந்திருக்கும். அது ஊழல் என்று நான் சொல்லவில்லை, தொழிலில் அறிமுகம் எல்லா இடத்திலும் உள்ளதுதான், ஆனால் படிப்பின் பலன் என்று கணக்குப் போடும்போது அதையும் சேர்க்க வேண்டும். என் ஆங்கிலக் கட்டுரை ஒன்று வெளியானது அப்படித்தான். தமிழில் அந்தப் பட்டத்துக்கு ஒரு மதிப்பும் இல்லை, இருக்கவும் வேண்டியதில்லை. இங்கே முகவர் கிடையாது, கதைகள் பத்திரிகையில் வந்து, நாலு பேர் பேசி, ஜனவரி சென்னைப் புத்தகக் காட்சிக்குத் தொகுப்பாக வரும். ராயல்டியை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. என் தமிழ்த் தொகுப்பைப் போட்ட பதிப்பாளர் நான் எங்கே படித்தேன் என்று கேட்கவே இல்லை, கதைகளைத் திருத்த எத்தனை நாள் வேண்டும் என்றுதான் கேட்டார்.

போக முடியாதவர்களுக்கு, அல்லது போக வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கு, இந்தப் பகுதியை எழுதத்தான் நான் உட்கார்ந்ததே. வேலூரில் நாங்கள் மாதம் ஒருமுறை கூடுகிறோம், கோட்டைக்கு எதிரே மரத்தடியில் ஆரம்பித்து இப்போது ஒரு நண்பரின் டியூஷன் சென்டர் மாடியில். தோல் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர், பஸ் கண்டக்டர், நர்ஸ், இரண்டு ஆசிரியர்கள், ஒரு கல்லூரி மாணவன். எட்டுப் பேருக்கு மேல் சேர்க்க மாட்டோம், கூட்டம் பெருத்தால் பேச்சு மேடைப் பேச்சாகிவிடும். கதை ஒரு வாரம் முன்பே வாட்ஸ்அப்பில் வந்துவிட வேண்டும், படிக்காமல் வந்தவர் அன்று டீ வாங்கித் தருவதோடு சரி, கருத்து சொல்லக் கூடாது. நன்றாக இருக்கிறது, நன்றாக இல்லை என்ற இரண்டையும் முதல் அரைமணி நேரத்துக்குத் தடை செய்திருக்கிறோம். அந்த நேரத்தில் கதையில் என்ன நடக்கிறது என்று மட்டும் ஆளுக்கு ஆள் சொல்ல வேண்டும். இதில் வெளிப்படுகிற விஷயங்களுக்கு அளவே இல்லை. கண்டக்டர் எழுதிய கதையில் பயணி சில்லறை வாங்காமல் இறங்கிப்போகிறார். மூன்று பேர் அவர் மறந்துவிட்டார் என்று படித்திருந்தார்கள், இரண்டு பேர் கண்டக்டர் வேண்டுமென்றே தரவில்லை என்று படித்திருந்தார்கள், எழுதியவருக்குத் தானே இன்னும் முடிவு செய்யவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

அமெரிக்க முறையில் ஒன்றை மாற்றிக்கொண்டோம். எழுதியவர் வாய்மூடி உட்கார வேண்டாம். ஆரம்பத்திலேயே அவர் இரண்டு கேள்வி கேட்கலாம், எனக்கு இந்த இடத்தில் சந்தேகம், இங்கே உங்களுக்கு என்ன தோன்றியது என்று. ஆனால் கதையை நியாயப்படுத்தக் கூடாது. இதைப் பழக எங்களுக்குக் கொஞ்ச காலம் பிடித்தது, ஏனென்றால் நம் ஊரில் பெரியவர் ஒருவர் எழுதியதை வயசில் சின்னவர் குறை சொல்வது மரியாதைக் குறைவு என்ற எண்ணம் இருக்கிறது. கல்லூரி மாணவன் ஆசிரியரின் கதையைப் பற்றி, "சார், மூணாவது பக்கத்துல நான் வெளிய வந்துட்டேன் சார்" என்று சொன்ன நாள் எங்கள் குழுவுக்கு உயிர் வந்த நாள். சார் கோபப்படாமல் அந்தப் பக்கத்தை எடுத்து உரக்கப் படித்துக் காட்டினார், படிக்கும்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது. திருத்திய பிரதியைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பதும் விதி. அது இல்லாவிட்டால் மாதாமாதம் புதுக் கதைக்குப் பாராட்டு வாங்கிக்கொண்டு போகிற கூட்டமாகிவிடும்.

வீட்டிலிருந்தே முறையாகப் படிக்க விரும்பினால் இக்னோ என்ற இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் படைப்பெழுத்துக்கு டிப்ளமா இருக்கிறது. சவுத் ஏஷியா ஸ்பீக்ஸ் என்ற அமைப்பு கட்டணம் வாங்காமல் வளரும் எழுத்தாளர்களை அனுபவசாலிகளோடு இணைத்துவிடுகிறது. மொழிபெயர்ப்பில் நாட்டம் உள்ளவர்களுக்கு அயோவாவிலும் ஈஸ்ட் ஆங்கிலியாவிலும் தனிப் பட்டமே உண்டு. இரண்டு மொழியும் கைவசம் உள்ள தமிழ்ப் பிள்ளைகளுக்கு அந்தக் கதவு கதைப் படிப்பைவிட அகலமானது என்று எனக்குத் தோன்றுகிறது.

சரி, போகத்தான் போகிறேன் என்பவர்களுக்குப் பணம். கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, கூடவே மாத உதவித்தொகையும் தருகிற இடங்களுக்கு மட்டும் விண்ணப்பியுங்கள். ஆஸ்டினில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் உள்ள மிச்சனர் மையம் போன்றவை மூன்று வருஷத்துக்கும் முழுசாகத் தாங்குகின்றன, போட்டியும் அதற்கேற்றபடி இருக்கும். கையிலிருந்து கட்டிப் படிக்கச் சொல்லும் இடம் எவ்வளவு பேர் பெற்றதாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். கல்விக் கடன் ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் பெரும்பாலும் வங்கி சொத்து அடமானம் கேட்கும், கதை எழுதிச் சம்பாதித்து அந்தப் பத்திரத்தை மீட்க முடியாது, அப்பா அம்மாவின் வீட்டை அதில் வைக்காதீர்கள். இங்கிலாந்தில் பெரும்பாலும் ஒரு வருஷப் படிப்புதான், உதவித்தொகை அரிது. பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகை கிடைத்தால் செலவு முழுக்க அவர்களுடையது, ஆனால் அதற்கு இரண்டு வருஷ வேலை அனுபவம் வேண்டும், முடித்ததும் நாடு திரும்ப வேண்டும்.

விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பரிலும் ஜனவரி முதல் பாதியிலும் முடியும். மூன்று பரிந்துரைக் கடிதம் வேண்டும், ஆசிரியர்களிடம் ஆகஸ்டிலேயே சொல்லிவையுங்கள், அவர்களுக்கும் பேப்பர் திருத்துகிற வேலை இருக்கும். விண்ணப்பக் கட்டணம் டாலரில், பல இடங்களுக்குப் போட்டால் கணிசமான தொகை வந்துவிடும். கேட்டால் சில இடங்களில் விலக்கு தருகிறார்கள், கூச்சப்படாமல் மின்னஞ்சல் எழுதுங்கள். எல்லாவற்றையும்விட அவர்கள் பார்ப்பது இருபது முப்பது பக்க எழுத்து மாதிரியைத்தான். அதில் இந்தியாவை விளக்காதீர்கள். உங்கள் கதைகளில் அதிக தடவை திருத்தப்பட்டது எதுவோ அதை வையுங்கள், முதல் இரண்டு பக்கத்தில் உங்கள் கை தெரிய வேண்டும்.

இடம் கிடைத்துவிட்டால் பதில் சொல்ல வழக்கமாக ஏப்ரல் 15 வரை நேரம் உண்டு. அந்த இடைவெளியில் அங்கே இப்போது படித்துக்கொண்டிருக்கும் மாணவர்களின் மின்னஞ்சலைத் துறையிடம் கேட்டு வாங்கி எழுதிக் கேளுங்கள்: உதவித்தொகையில் வாடகை போக மாதம் எவ்வளவு மிஞ்சுகிறது, கோடை மாதங்களில் அது வருகிறதா இல்லையா, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் கட்டுரை திருத்துகிறீர்கள், போன வருஷம் முடித்தவர்கள் இப்போது என்ன வேலை பார்க்கிறார்கள். கடைசிக் கேள்விக்கு மழுப்பலாகப் பதில் வந்தால் இன்னொருவருக்கும் எழுதிக் கேட்டுவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.